லீற்றருக்கு ஆறரை

அத்தியாயம் பதினொன்று

இராமரைக் கள்ளன் என்று சொல்லி அனுப்பி இருபத்திரண்டு நாட்கள் ஆகிவிட்டன. கள்ளன் போனால் களவு நிற்க வேண்டும், அதுதான் உலக வழக்கம். நவரத்தினத்தின் வீட்டில் மட்டும் கள்ளன் போன பிறகு களவு கூடியது.

வெள்ளவத்தையில் ஒடியல் மாவும் கருவாடும் மிளகாய்த்தூளும் விற்கிற நவரத்தினம், போன வருடம் ஆசைப்பட்டு ஒரு வெள்ளை டபுள் கெப் வண்டி வாங்கியிருந்தார். புதிதில் அது லீற்றருக்குப் பதினொரு கிலோமீற்றர் ஓடியது. பிறகு பத்து, ஒன்பது என்று இறங்கி எட்டில் வந்து நின்றது. கடையைப் பார்த்துக்கொள்கிற மூத்த மகள் சாம்பவிக்குப் பொறுக்கவில்லை. தாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சி விற்கிறீர்கள் என்று சாரதி இராமரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ஒன்பது வருடம் வேலை செய்த மனிதர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டித் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். நவரத்தினம் பத்திரிகையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கெப்பை நவரத்தினமே ஓட்டுகிறார். இப்போது லீற்றருக்கு ஆறரை.

அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் சாம்பவி கிராண்ட்பாஸில் தாஸிமின் கராஜில் நின்றாள். முதல் நாள் பின்னேரமே வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இன்றைக்கு எப்படியும் வண்டி வேண்டும். தங்கை மயூரிக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. தலைப்பிரசவம். புருஷன் கட்டாரில். ஹெந்தளையில் தனியாக இருக்கிறவளைப் பத்தரை மணிக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் வீட்டிலிருந்து கிளப்பிவிட வேண்டும் என்று அம்மா பாலேஸ்வரி ஒரு வாரமாகக் காதில் ஓதிக்கொண்டிருந்தாள்.

தாஸிம் கையைத் துணியில் துடைத்தபடி வந்தார்.

“தங்கச்சி, மொதல்ல நல்ல சேதிய சொல்றன். வண்டியில ஒரு கொறையும் இல்ல.”

நல்ல செய்தி சொல்கிறவரின் முகம் அப்படி இருக்காது.

“ஃபில்டர் தூசி. தட்டிட்டன், ஆனா அது இவ்வளவு குடிக்காது. ரயருக்குக் காத்து சரி. இஞ்செக்டர் நாலையும் கழட்டிக் குடுத்துப் பாத்தாச்சு. தாங்கியில ஒரு சொட்டு ஒழுகல்ல.” தாஸிம் குரலைத் தாழ்த்தினார். “மனசு கேக்கல்ல. நேத்து ராவு பெற்றோல் ஷெட்டுக்குப் பெய்த்து விளிம்பு வரைக்கும் டீசல் அடிச்சன். நானே ஜா-எல வரைக்கும் ஓட்டிட்டு வந்து, அதே பம்புல அதே விளிம்புக்குத் திரும்ப அடிச்சன். லீற்றருக்குப் பதினொண்டு ஓடீக்கி.”

“பதினொண்டோ?”

“பதினொண்டுதான். புது வண்டி மாதிரி.”

சாம்பவி நிமிர்ந்தாள். அவள் சொன்னது சரியாகிவிட்டது அல்லவா?

“அப்ப இராமர் எடுத்ததுதானே, தாஸிம் நானா? வண்டி குடிக்கேல்லை எண்டால் மனுசர்தானே எடுத்திருக்கோணும்.”

“அவர் போய் எத்தின நாள்?”

“மூண்டு கிழமை.”

“போன பொறகு எவ்வளவு ஓடிச்சு?”

“ஆற…”

ஆறரை என்ற சொல் பாதியிலேயே நின்றது. சின்னப் பிள்ளைகூடப் போடுகிற கணக்கு. மூன்று வாரமாக அவள் அதைப் போடவில்லை. ஒருவரைக் கள்ளன் என்று முடிவு கட்டிய பிறகு யாருக்குத்தான் கணக்குப் பார்க்க மனம் வரும்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி போட்ட வாய் அவளுடையது.

தாஸிம் பட்டறை மேசையிலிருந்து இரண்டு இரும்புத் துண்டுகளை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“இது பழைய ப்ரேக் பேட். சில மாசத்துக்கு முந்தி, வெசாக் பெருநாளுக்குப் பொறகுதான் நான் புதுசு போட்டன். ஒண்டரை வருசம் தாங்குற சாமான். பாருங்க, தகடு தெரியிது. உள்ள டிஸ்க்கு வெந்து மயில் கழுத்து நெறத்துல ஈக்கி.”

“எனக்கு விளங்கேல்லை நானா.”

“வண்டி ஓடுற நேரமெல்லாம் ப்ரேக்கும் அமந்தீக்கி. வலது கால் ஓடு எண்டு சொல்லுது, இடது கால் நில்லு எண்டு சொல்லுது. ரெண்டுக்கும் நடுவுல டீசல் எரியிது.” அவர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “இது ஓட்டோமற்றிக் கியர். கிளச் இல்ல. இடது காலுக்கு வேலையே இல்ல. ஆனா முப்பது வருசம் லொறி ஓட்டின காலுக்கு அது தெரியுமா? மிதிக்க ஒண்டு தேடும்.”

முப்பது வருடம் லொறி ஓட்டியவர் அந்த வீட்டில் ஒருவர்தான். இராமர் இருந்த காலத்திலும் இடைக்கிடை இந்தக் கெப்பை எடுத்து ஓட்டியவரும் அவர்தான். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் இரவும் பகலுமாக ஓடித்தான் நவரத்தினம் அந்தக் கடையை உண்டாக்கினார்.

“பழக்கம்தானே நானா? சொன்னால் மாத்திக்கொள்ளுவார்.”

“பழக்கம் மட்டும் எண்டா கால் பட்ட ஒடனே தெரியும், எடுத்துருவாரு. பட்டதே தெரியாட்டி?” தாஸிம் துணியை எடுத்து மறுபடி கையைத் துடைத்தார். “வாப்பாவுக்குச் சீனி வருத்தம் எத்தின வருசம்?”

பதினெட்டு வருடம். அப்பாவின் தமையனுக்கும் சீனி வருத்தம்தான். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை எடுத்தார்கள். பிறகு முழங்காலோடு எடுத்தார்கள். அதற்குப் பிறகு பெரியப்பா சுவரில் படமாகிவிட்டார். அந்தப் படத்துக்கு முன்னால் நின்று அப்பா ஒருநாளும் கும்பிட்டதில்லை, கண்ணைத் திருப்பிக்கொண்டு போவார்.

“புது பேட் போட்டுட்டன். ஆனா கேளுங்க. அதே கால் அதே மாதிரி கெடந்தா ப்ரேக் ஓயில் கொதிச்சுரும். கொதிச்சா பெடல் கீழ போகும், வண்டி நிக்காது. அவர ஓட்ட விடாதீங்க.”

வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. பட்டு வேட்டியும் நெற்றி நிறைந்த திருநீறுமாக நவரத்தினம் இறங்கினார். அறுபத்து மூன்று வயதிலும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார். கொஞ்சம் அகலமாக, தரையைத் தட்டித் தட்டி நடந்தார். இத்தனை நாளும் அதை மூட்டுவலி என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன தாஸிம், அவன் என்ர வண்டிக்கு என்ன செய்துபோட்டுப் போனவன்?”

தாஸிம் சாம்பவியைப் பார்த்தார். சாம்பவி நிலத்தைப் பார்த்தாள்.

“வண்டி நல்லம் மொதலாளி, ப்ரேக் பேட்தான் புதுசு போட்டீக்கி. நான் ஓட்டிட்டு வாறன், ஹெந்தளைக்கு. நீங்க பக்கத்துல சாஞ்சிக்கிட்டு வாங்க.”

“ஏன், எனக்குக் கை கால் இல்லையோ?”

“அப்பா, தாஸிம் நானா ஓட்டட்டும். அல்லாட்டி ஒரு கார் பிடிப்பம்.”

“என்ர பிள்ளையை வாடகைக் கார்ல கூட்டிக்கொண்டு போறதோ? விசர்க் கதை கதையாதை. ஏறு, நேரம் போகுது.”

தொடைக்கு வேட்டியை மடித்துக்கொண்டு ஏறினார். திறப்பைத் திருகினார். தாஸிம் கதவில் கையை வைத்தார், பிறகு எடுத்தார். ஒரு மனிதனின் வண்டியை அவனுடைய கையிலிருந்து எப்படிப் பறிப்பது? சாம்பவி ஓடிப்போய் இடது பக்க இருக்கையில் ஏறிக்கொண்டாள். தனியாக விட அவளால் முடியவில்லை. அவளுக்கு ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டத் தெரியும்.

வண்டி ஒழுங்கையைத் தாண்டிப் பெரிய தெருவில் ஏறிய பிறகுதான் அவள் குனிந்து பார்த்தாள். அப்பாவின் வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால். ஏறுவதற்கு முன்பே கழன்றுபோன செருப்பு கிராண்ட்பாஸில் கராஜ் தரையிலேயே கிடந்தது. வெறும் பாதம் பிரேக் மிதியின் மேல் அமைதியாகப் படுத்திருந்தது.

“அப்பா, செருப்பு எங்க?”

“காலில.”

அவர் சந்தேகமே இல்லாமல் சொன்னார்.

“இடது காலை எடுங்கோ அப்பா.”

“எடுத்துத்தானே வச்சிருக்கிறன்.”

“குனிஞ்சு பாருங்கோ.”

அவர் பார்த்தார். ஒரு கணம் அந்த முகம் குழந்தையின் முகம்போல வெளிறியது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டு, காலைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். அதைத் தன் கால் என்றுகூட நினைக்கவில்லை, ஏதோ மூட்டையை நகர்த்துவதுபோல நகர்த்தினார்.

“பார்க்காமல் வச்சிட்டன். இப்ப சரி.”

களனிப் பாலத்தில் ஏறும்போது கால் திரும்பவும் மிதியில் இருந்தது.

சாம்பவி கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டாள். பேலியகொடைச் சந்தியில் முன்னால் போன கொள்கலன் லொறி சடாரென்று நின்றது. நவரத்தினம் மிதித்தார். வண்டி நிற்காமல் ஊர்ந்தது. அவர் இன்னும் அழுத்தினார். லொறியின் பின்தகட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. எரிந்த மணம் உள்ளே வந்தது.

“புது பேட்,” என்றார் நவரத்தினம். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. “பழகோணும்.”

“ஓம் அப்பா,” என்றாள் சாம்பவி. அவளுடைய கை கதவுப் பிடியை விடவே இல்லை.

ஹெந்தளையில், கால்வாய் ஓரத்து ஒழுங்கையில், மயூரி பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வயிறு முன்னுக்குத் தள்ளி நிற்க, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பிரஷர் கூடியிருக்கிறது, அதிர்ச்சி எதுவும் கொடுக்காதீர்கள் என்று போன கிழமைதான் டொக்டர் சொல்லியிருந்தார்.

“வாங்கோப்பா. மெலிஞ்சு போனியள்.”

“நீ கொழுத்துப் போனாய், அதால நான் மெலிவாத் தெரியிறன்.”

நவரத்தினம் சிரித்தபடி உள்ளே போனார். வீட்டுக்கார அம்மா பளிங்குபோலத் துடைத்து வைத்திருக்கிற வெள்ளைத் தரை. சாமிப் படத்தடியில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். வாசலிலிருந்து படம் வரைக்கும், ஒவ்வொரு இடது காலடியிலும் ஒரு சிவப்புத் தடம்.

“யாற்ற இரத்தம் இது?” என்று கேட்டார் நவரத்தினம்.

மயூரியும் சாம்பவியும் அந்தத் தடங்களையே பார்த்தார்கள்.

“பிள்ளை, உனக்கு ஏதும் வெட்டிப்போட்டுதோ?” என்று மயூரியின் கால்களைப் பதறிப்போய்ப் பார்த்தார். சாம்பவிக்கு அழுகை வந்தது. அவள் அவரைப் பிடித்து நாற்காலியில் இருத்தி, இடது பாதத்தைத் தூக்கினாள். குதிக்காலுக்குள் கராஜ் தரையின் இரும்புச் சீவல் ஒன்று, விரல் நகம் அளவுக்கு, ஏறிப்போய் நின்றது. அவள் அதைப் பிடித்து இழுத்தாள். அப்பாவின் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

“சின்னக் கீறல்,” என்றார் அவர். “லேஞ்சியால கட்டிவிடு.”

அவருடைய கைக்குட்டையை எடுத்துக் கட்டினாள். மயூரி கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, அப்பாவுக்கு நோகேல்லையோ?”

“பிறகு சொல்றன். நான் ஒரு போன் எடுத்துப்போட்டு வாறன். நான் வரும்வரைக்கும் வண்டியில ஏறாதை. விளங்குதோ?”

“ஏன்?”

“ஏறாதை எண்டால் ஏறாதை.”

திறப்பை அப்பாவின் மடியிலிருந்து எடுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் அங்கேயே போட்டு உடைக்கலாம்தான். உடைத்தால் மயூரி தாங்குவாளா? கிராண்ட்பாஸில் நிற்கிற தாஸிமைக் கூப்பிட்டால் அவர் வந்துசேர ஒரு மணித்தியாலம் ஆகும். அந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டத் தெரிந்த ஒரே மனிதரின் இலக்கத்தை சாம்பவி இன்னும் அழிக்கவில்லை. ஒழுங்கை முனைக்கு நடந்துபோய் அழைத்தாள். நாலாவது மணியில் எடுத்தார்.

“இராமர் அண்ணை, நான் சாம்பவி.”

அந்தப் பக்கத்தில் மீன் பெட்டிகள் இழுபடுகிற சத்தம். சிங்களத்தில் யாரோ விலை கூவினார்கள்.

“சொல்லுங்க மிஸ்.”

“நான் உங்களுக்குப் பெரிய அநியாயம் செய்துபோட்டன். நீங்கள் ஒண்டும் எடுக்கேல்லை. எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அந்தப் பக்கத்துச் சத்தம் குறைந்தது, இராமர் ஓரமாக ஒதுங்கியிருக்க வேண்டும்.

“ஐயாவோட காலுங்களா மிஸ்?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“போன மாசமே தெரியுங்க. ஒருநாள் அவரு கால்ல ஆணி ஏறி நிக்குது, அவரு பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருக்காரு. நாந்தான் புடுங்கினேன். இனிமே வண்டியத் தொடாதீங்க ஐயா, தொட்டா மிஸ்கிட்ட சொல்லிப்புடுவேன்னேன். கையப் புடிச்சிக்கிட்டு அழுதாருங்க. பெரிய ஐயாவ வெட்டின மாதிரி என்னையும் வெட்டிப்புடுவாங்க இராமர்னு.” அவர் தொண்டையைச் செருமினார். “அடுத்த கெழமைதான் நீங்க என்னையக் கூப்புட்டுக் கேட்டீங்க.”

சாம்பவிக்கு ஞாபகம் வந்தது. ஒரு ராச்சாப்பாட்டு நேரம். பிட்டைக் குழைத்தபடி, அவளை நிமிர்ந்து பார்க்காமல், ‘அவன் உறிஞ்சுறானோ தெரியாது’ என்று சொன்னவர் அப்பா. ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அந்தச் சந்தேகம் தன்னுடையது என்றே இவ்வளவு நாளும் அவள் நினைத்திருந்தாள். தன் காலைக் காப்பாற்ற ஒரு மனிதனின் பெயரைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார். இவரைத்தான் ஊரெல்லாம் நேர்மையான வியாபாரி என்கிறது. அவளுக்கு அப்பாவின் மேல் ஆத்திரம் வந்தது. அதே நேரம் அந்தக் காலை நினைத்து அழுகையும் வந்தது.

“ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?”

“அவரு சோத்தத்தானே மிஸ் ஒம்பது வருசம் தின்னேன். அவரே சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டு நின்னேன்.”

“அண்ணை, இப்ப உடன வாங்கோ. நாங்கள் ஹெந்தளையில நிக்கிறம். மயூரியை ஏத்திக்கொண்டு அப்பா…”

பின்னால் இயந்திரத்தின் உறுமல். சாம்பவி திரும்பினாள். வெள்ளைக் கெப் ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தது. முன் இருக்கையில் மயூரி, வயிற்றுக்கு மேலாகப் பட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு. கண்ணாடி இறங்கியது.

“பத்து இருபத்தஞ்சாச்சு!” நவரத்தினம் கத்தினார். “அம்மா போன் மேல போன் எடுக்கிறா. நீ ஒரு ஓட்டோவில வா!”

“அக்கா, அப்பா கேக்கிறாரில்லை…” என்று மயூரி சொல்வது பாதியில் போனது.

“நிப்பாட்டுங்கோ! அப்பா!”

அவர் வண்டியை நிறுத்தவில்லை. சாம்பவி பின்னால் ஓடினாள். உடுப்பையோ செருப்பையோ பார்க்காமல் ஓடினாள். கெப் பெரிய தெருவில் ஏறிக் கொழும்புப் பக்கம் திரும்பி வேகம் எடுத்தது. வேகம் எடுக்கிற வண்டியின் பின்னால் பிரேக் விளக்குகள் இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

“மிஸ்? மிஸ்?” காதுக்குள் இராமர் கத்திக்கொண்டிருந்தார். “என்னாச்சுங்க?”

“போயிட்டார் அண்ணை. மயூரியோட போயிட்டார். பேலியகொடைப் பக்கம்தான் வாறார்.”

“நான் பேலியகொடையிலதான் நிக்கிறேன். மீன் மார்க்கெட்ல மூட்ட தூக்குறேன்.” ஓடுகிற மூச்சு கேட்டது. “பயப்படாதீங்க மிஸ். இந்த ரோட்டாலதானே வரணும். நடு ரோட்டுல போயி நிக்கிறேன். என்னையப் பாத்தா ஐயா நிப்பாட்டிருவாரு.”

“வேண்டாம்!” சாம்பவி அலறினாள். “மறிக்காதேங்கோ! அண்ணை, பிரேக் பிடிக்காது! முன்னால போகாதேங்கோ!”

இணைப்பு ஏற்கெனவே அறுந்திருந்தது.

அவருடைய இலக்கத்தைத் திரும்பவும் அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நடுத்தெருவில் நிற்கிற மனிதர் போனை எடுக்கவில்லை.